இறந்தோர்க்கு முதலிடம்

கி.பி. 50-ஆம் ஆண்டளவில், மாசிடோனியாவின் தெசலோனிக்கே நகரக் கிறிஸ்தவர்களை ஒரு துயரம் வாட்டியது. இயேசு மீண்டும் வருவார் என்று காத்திருந்தனர். அதற்குள் அன்பர் சிலர் இறந்துவிட்டனர். அவர்கள் அந்தப் பேற்றை இழந்துவிட்டார்களா?

இறந்தவர்களே முதலில் எழுவர், உயிரோடிருப்போர் பின்னர் அவர்களுடன் சேர்ந்து மேகங்களில் எடுத்துக்கொள்ளப்படுவர் என்று திருத்தூதர் பவுல் எழுதினார். மேகங்களைப் பற்றி விவாதிப்போர் ‘சேர்ந்து’ என்ற சொல்லை ஏனோ கவனிப்பதில்லை.

எடுத்துக்கொள்ளப்படுதலை உயிர்த்தெழுதலோடும் இறுதி வருகையோடும் ஒன்றாகவே கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகள் கருதுகின்றன. பெரும் உபத்திரவத்திற்கு முன்பே நிகழும் தனி நிகழ்ச்சியாக அதை விளக்கியவர், 19-ஆம் நூற்றாண்டின் ஜான் நெல்சன் டார்பி. ‘நான் கைவிடப்படுவேனோ?’ என்ற அச்சம் அதன்பின் பலரைப் பற்றிக்கொண்டது.

தெசலோனிக்கேயரோ தமக்காகக் கலங்கவில்லை. இவ்வார்த்தைகளால் ஒருவரையொருவர் தேற்றிக்கொள்ளச் சொல்லியே பவுல் அப்பகுதியை முடிக்கிறார்.