கொடையும் கூலியும்

ஒருவருக்கு நாம் ஒன்றைக் கொடுக்கின்றோம். அதற்குப் பதிலாக அவர் நமக்கொரு பயனைத் தரவேண்டுமென எதிர்பார்க்கவும் செய்கின்றோம். அப்படியானால் நாம் கொடுத்தது கொடையா, கூலியா? கேட்பதற்கு இலகுவான கேள்விதான். பல்கலைக்கழக விளையாட்டுக்கெனச் செல்வந்தர்கள் வழங்கும் பணத்தை முன்வைத்துப் பார்க்கும்போது, விடை அத்தனை இலகுவாகக் கிடைப்பதில்லை.

வசதி குறைந்த வீட்டிலிருந்து பல்கலைக்கழகம் வரும் ஓட்டக்காரி ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். விடியலில் பயிற்சி, பகலில் விரிவுரை, இரவில் செலவுக்காக ஒரு கடையில் வேலை. இம்மூன்றையும் ஓர் உடல் நெடுநாள் தாங்காது. முதலில் நித்திரை போகும். பிறகு படிப்போ ஓட்டமோ போகும். கொடையாளியின் பணம் வந்து சேர்ந்தால் இரவு வேலை இல்லாமற் போகின்றது. வெளிப்பார்வைக்கு அவர் கொடுத்தது பணம். உண்மையில் அவர் கொடுத்தது நேரம்.

இந்த ஏற்பாடு மிகப் பெரிதாக வளர்ந்திருக்கும் நாடு அமெரிக்கா. அங்கு பல்கலைக்கழக விளையாட்டை நெறிப்படுத்தும் என்.சி.ஏ.ஏ. என்ற சங்கம், குடும்ப வருமானத்தைப் பாராது விளையாட்டுத் திறமைக்காகவே புலமைப்பரிசில் வழங்கலாமென 1956இல் அனுமதித்தது. அதற்கான பணத்தில் ஒரு பங்கு கொடையாளிகளிடமிருந்து வருகின்றது. சிலர் ஆண்டுதோறும் கொடுப்பர். வேறு சிலர் பெருந்தொகையொன்றை நிரந்தர நிதியாக வைப்பர். முதல் அப்படியே நிற்க, நிதியின் பெறுமதியில் ஆண்டுக்கு நூற்றுக்கு நான்கோ ஐந்தோ எடுக்கப்பட்டு ஒரு மாணவரின் கட்டணம் செலுத்தப்படும். வக்பு சொத்தை அறிந்த நமக்கு இது புதிய ஏற்பாடல்ல.

ஆனால் வக்பு செய்பவர் அந்தச் சொத்தின் மீதான தனது உரிமையைக் கைவிட்டு விடுகின்றார். அங்கேயோ கொடையோடு ஆசனமும் வந்தது. விளையாட்டரங்கில் நல்ல ஆசனத்துக்கான அனுமதிச்சீட்டை வாங்கும் உரிமைக்காகப் பல்கலைக்கழகத்துக்குச் செலுத்திய தொகையில் 80 சதவீதத்தை நன்கொடையாகக் காட்டி வரிச்சலுகை பெற 2017 வரை சட்டம் இடமளித்தது. 2018இலிருந்துதான் அது நீக்கப்பட்டது. அதுவரை, மாணவனின் படிப்புக்குக் கொடுத்தோம் என்ற நிறைவும் அவன் ஆடுவதை முன்வரிசையிலிருந்து பார்க்கும் இன்பமும் ஒரே காசோலையில் அடங்கியிருந்தன.

கொடையாளிகள் எல்லோரும் ஆசனத்துக்காகவே கொடுத்தனர் என்பதல்ல. ஒரேகன் பல்கலைக்கழகத்தில் 2010இல் விளையாட்டு மாணவரின் படிப்புக்கெனவே ஒரு கட்டடம் திறக்கப்பட்டது. நைக்கி நிறுவனத்தை இணைந்து தொடங்கிய பில் நைட்டும் அவரது துணைவியாரும் வழங்கிய கொடை அது. ஏனைய மாணவருக்குக் கீழ்த்தளம் மட்டுமே திறந்திருந்தது என்ற குறை உண்டு. ஆயினும் போட்டிப் பயணங்களால் விரிவுரைகளைத் தவறவிடும் ஒருவருக்கு அமைதியான மேசையும் பாடஞ்சொல்லித்தர ஓர் ஆளும் தேவையே.

மேசையைக் கொடுக்கலாம், மேசையில் அமரும் மணித்தியாலத்தை யார் கொடுப்பது? போட்டிக்காலத்தில் வாரத்துக்கு 20 மணித்தியாலத்துக்கு மேல் விளையாட்டுக்காக மாணவரைப் பிடித்து வைக்கக்கூடாது என்ற விதி 1990களின் தொடக்கத்திலிருந்தே உண்டு. நோர்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக உதைபந்தாட்ட அணியினர் போட்டிக்காலத்தில் வாரத்துக்கு 40 முதல் 50 மணித்தியாலம்வரை செலவிட்டதாகத் தொழிலாளர் உறவுச் சபையின் பிராந்தியப் பணிப்பாளர் 2014இல் கண்டறிந்தார். அந்த விசாரணையில் சாட்சியமளித்த கெயின் கோல்ட்டர், வைத்தியராகும் எண்ணத்துடன் வந்தவர். இரசாயனவியல் வகுப்பு பயிற்சி நேரத்தோடு மோதியது; இறுதியில் அவர் உளவியல் படித்தார். அவருக்குப் புலமைப்பரிசில் இருந்தது. இல்லாதிருந்தது காலை நேரம்தான். கொடையாளி வாங்கிக் கொடுத்த நேரத்தை விளையாட்டே எடுத்துக்கொண்டது.

நேரம் இல்லாத இடத்தில் பொய் நுழைகின்றது. வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழ 18 ஆண்டுகளாக, விரிவுரையே நடைபெறாத வகுப்புகளில் 3,100க்கும் மேற்பட்ட மாணவர் புள்ளி பெற்றதை 2014இல் வெளியான விசாரணை அறிக்கை காட்டியது. அவர்களில் ஏறத்தாழ அரைவாசிப்பேர் விளையாட்டு மாணவர். விளையாட்டுக்கும் படிப்புக்கும் சமநிலை காணப்பட்டதாகக் காகிதம் சொன்னது. படிப்பு அங்கே இருக்கவில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1973இலிருந்து 2012வரை விளையாட்டுப் புலமைப்பரிசில் ஓராண்டுக்கே வழங்கப்பட்டது. ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். காயப்பட்டவரையும் பயிற்றுநருக்குப் பிடிக்காமற் போனவரையும் அடுத்த ஆண்டு விட்டுவிட வழியிருந்தது. எல்லாப் பல்கலைக்கழகங்களும் அப்படிச் செய்யவில்லை. செய்ய இடமிருந்தது என்பதே போதிய அச்சம். விளையாட்டுக் காரணத்துக்காகப் புலமைப்பரிசிலை நிறுத்தக்கூடாதெனப் பெரிய ஐந்து போட்டிக் கூட்டமைப்புகள் 2015இல்தான் தீர்மானித்தன.

அப்படியானால் கூலியென்றே சொல்லிவிடலாமே என்பது நியாயமான எதிர்வாதம். காலம் அத்திசையிலேயே செல்கின்றது. 2021இலிருந்து மாணவர் தம் பெயரையும் புகழையும் கொண்டு சம்பாதிக்கலாம். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, பல்கலைக்கழகமொன்று முதலாண்டில் 2 கோடி 5 இலட்சம் டொலர்வரை வீரர்களுக்கு நேரடியாகப் பகிரலாம். அரங்கை நிறைப்பவனுக்கு அவனது பங்கு கிடைப்பதில் தவறில்லை. மறைத்து வைத்த கூலியைவிட வெளிப்படையான கூலி நேர்மையானது.

ஆனால் நம் ஓட்டக்காரியின் பந்தயத்துக்கு அரங்கு நிறைவதில்லை. அனுமதிச்சீட்டு விற்காத விளையாட்டுகளில் இருப்பவர்க்குக் கூலி கொடுக்க எவரும் வரப்போவதில்லை. அவர்களுக்கு இன்றும் கொடைதான் வழி. ஆதலால் கொடையைக் கொடையாகவே வைத்திருப்பது எப்படி என்ற கேள்வி பழசாகிவிடவில்லை.

கொடைக்கு நிபந்தனையே கூடாதென நான் சொல்ல வரவில்லை. ஓடுகின்ற பிள்ளைக்கே கொடுப்பேன் என்பது நோக்கம், அதில் குற்றமில்லை. வென்றால்தான் கொடுப்பேன் என்பது பேரம். முன்னையதில் மாணவி முடிவாக நிற்கின்றாள். பின்னையதில் அவள் கருவி. இரண்டும் ஒரே தொகையாக, ஒரே கையொப்பத்தோடு வரலாம். பரிசளிப்பு நாளின் புகைப்படத்தில் வித்தியாசம் தெரியாது.

வித்தியாசம் தெரிவது வேறொரு நாளில். கணுக்கால் முறிந்து, இனி ஓட முடியாதென வைத்தியர் சொன்ன மறுநாட் காலை, விடுதியில் அவளது கட்டிலும் வாசிகசாலையில் அவளது கதிரையும் அவளுக்காக இருக்கின்றனவா? இருந்தால் கொடுத்தவர் ஒரு பிள்ளைக்குக் கொடுத்தார். இல்லையென்றால் அவர் கொடுத்தது இரண்டு கால்களுக்கு.