கைத்தாதையின் வீடு



அர்ச். சூசையப்பரை நாம் சேசுநாதருடைய கைத்தாதை என்று வணங்குகிறோம். அவர் பெற்ற தகப்பனல்ல; கையிலேந்தி வளர்த்த தகப்பன். 1870-ம் ஆண்டில் 9-ம் பத்திநாதர் பாப்பரசர் அவரைத் திருச்சபை முழுமைக்கும் பாதுகாவலராக அறிவித்தார். ஆனாலும் அவர் பேசிய ஒரு வார்த்தைகூட சுவிசேஷத்தில் இல்லை.

சேசுபாலன் 12-ம் வயதில் காணாமற்போனதை நினைத்துப் பாருங்கள். மூன்றாம் நாள் தேவாலயத்தில் கண்டடைந்தபோது, பாலன் தம்முடைய பரம பிதாவைக் குறித்தே பேசினார். வேறொருவனாயிருந்தால், "இத்தனை வருஷம் சோறு போட்டவன் நானல்லவா?" என்று மனம் கசந்திருப்பான். சூசையப்பரோ மவுனமாயிருந்தார். பாலனும் அவர்களோடு நாசரேத்துக்குத் திரும்பி, கீழ்ப்படிந்து வளர்ந்தார். தன் சொந்தத் தகப்பனைப் பற்றி அச்சமின்றிப் பேசக்கூடிய இடமே வளர்ப்புப் பிள்ளைக்கு வீடு.

நம் சவ்வாது மலையிலே இப்படிப்பட்ட பிள்ளைகள் இல்லையா? 2015-ம் ஆண்டு ஏப்ரல் 7-ந் தேதி, ஆந்திர நாட்டுச் சேஷாசலக் காட்டில் தமிழ்நாட்டுத் தொழிலாளர் 20 பேர் காவல் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் நம் மலைப்பகுதியைச் சேர்ந்தவர்களும் உண்டு. கூலி வேலைக்காக மாதக்கணக்கில் வெளி மாநிலம் போகிறவர்களும் உண்டு. அவர்களுடைய பிள்ளைகளைப் பாட்டியும் சித்தப்பாவும் அத்தையும் வளர்க்கிறார்கள். இது மேலான புண்ணியம்.

ஆனால் சாமைக் கஞ்சியை ஊற்றிக்கொண்டே, "உன் அப்பன் செய்த காரியத்தால்தானே நீ இங்கே வந்தாய்!" என்று சொல்லுகிற நாவும் உண்டு. அந்தக் கஞ்சி வயிற்றை நிரப்பும். பிள்ளையோ ஒவ்வொரு வாயையும் கடன் என்று எண்ணி விழுங்கும். தகப்பன் குற்றவாளியே ஆனாலும் பிள்ளைக்கு அவன் தகப்பன்தான். ஆகையால் அவனைப் பழிக்காதீர்கள். இராச் செபத்தில் அவன் பேரைச் சொல்லி வேண்டிக்கொள்ளப் பிள்ளைக்கு இடங்கொடுங்கள். உங்கள் சொந்தப் பிள்ளைக்கும் அதற்கும் ஒரே பாய், ஒரே பந்தி, ஒரே கண்டிப்பு இருக்கட்டும்.

இன்னொரு காரியம். 2015-ம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, உறவல்லாத குடும்பமும் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவோடு ஒரு பிள்ளையை வளர்க்கலாம். இது சுவீகாரமல்ல, பெற்றோர் நிலை சீர்ப்பட்டால் பிள்ளை அவர்களிடம் திரும்பக்கூடும். விதிகளின்படி தகுதியுள்ள பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் உதவியும் உண்டு. எவரும் யாருக்கும் தெரியாமல் ஒரு பிள்ளையை வாங்கவோ கொடுக்கவோ வேண்டாம். திருவண்ணாமலையிலுள்ள மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை நாடுங்கள். ஆபத்திலிருக்கும் பிள்ளைக்காக 1098 என்ற எண்ணை அழையுங்கள்.

பிள்ளை ஒருநாள் நம்மைவிட்டுப் போகலாம் என்று தெரிந்தும் அதை நேசிப்பது கடினமே. அர்ச். சூசையப்பர் அப்படியே நேசித்தார். அந்த வரத்தை அவர் நம் குடும்பங்களுக்குப் பெற்றுத் தருவாராக. ஆமென்.

உங்கள் பங்குக் குரு