எந்தச் சிலுவை, எந்தக் கையில்?

(திருச்சிலுவை மகிமை விழாவை ஒட்டி, அரும்பாவூரில் இளையோருக்கு ஆற்றிய உரை)



செப்டம்பர் 14 வந்தால் சிலுவையின் மகிமையைப் பேசுகிறோம். உங்களுக்கோ இப்போது சிலுவை டாட்டூவின் மேல்தான் கண். செல்போனை நீட்டி, "ஃபாதர், இதுல எது நல்லா இருக்கு?" என்று கேட்கிறீர்கள். இறக்கை முளைத்த சிலுவை, ரோஜாப்பூ சுற்றிய சிலுவை, முள்முடி மாட்டிய சிலுவை என்று வரிசையாக வருகிறது. பக்கத்தில் நிற்கும் அம்மாவோ, "பச்சை குத்துறது பாவம்னு சொல்லுங்க ஃபாதர்" என்கிறார்.

பாவமா? லேவியர் 19:28 பச்சை குத்தக் கூடாது என்றுதான் சொல்கிறது. ஆனால் இறந்தவர்களுக்காக உடலைக் கீறிக்கொள்ளும் வழக்கத்தோடு சேர்த்தே அதைச் சொல்கிறது. சுற்றியிருந்த இனங்களின் சடங்கு இஸ்ரயேலுக்குள் நுழையாதிருக்கப் போட்ட வேலி அது என்று விவிலிய அறிஞர் பலர் விளக்குகிறார்கள். அதே விவிலியத்தில், எசாயா 49:16-இல், தம் மக்களை உள்ளங்கையில் பொறித்து வைத்திருப்பதாகக் கடவுளே சொல்கிறார்.

எகிப்தின் காப்டிக் கிறிஸ்தவர்களைப் பாருங்கள். வலது மணிக்கட்டின் உள்பக்கம் சின்னதாக ஒரு சிலுவை குத்திக்கொள்வது அவர்களின் வழக்கம். சிறுபான்மையாக வாழும் அவர்களுக்கு அது அழகுக்கு அல்ல. ஆபத்து வந்தாலும் மறைக்க முடியாத சாட்சி. எகிப்திலிருந்து எருசலேமில் குடியேறிய ரஸ்ஸூக் குடும்பம், தலைமுறை தலைமுறையாகத் திருப்பயணிகளுக்குப் பச்சை குத்தி வருகிறது. மரக்கட்டையில் சிலுவையைச் செதுக்கி, மையில் தொட்டு, தோலில் ஒற்றி எடுத்து, அந்தக் கோட்டின் மேல் ஊசி போடுவது அவர்களின் பழைய முறை.

மரம் செதுக்குவதைப் பற்றி அரும்பாவூருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் மரச்சிற்பத்துக்கு 2020-இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. வாகையோ வேம்போ, ஒரே கட்டையில் உருவம் எடுக்கும் ஊர் இது. அளவு பார்த்து, கோடு போட்டு, அதன் பிறகுதான் உளியை வைக்கிறார்கள். சீவி விழுந்த சிம்பைத் திரும்ப ஒட்ட முடியாது. தோலும் அப்படித்தான்.

ஆகவே கோடு போடும் முன் பொருளைக் கேளுங்கள். இயேசுவின் உருவம் இல்லாத வெறுஞ்சிலுவை, அவர் உயிர்த்துவிட்டார் என்று சொல்கிறது. பெரிய சிலுவையைச் சுற்றி நான்கு சின்னச் சிலுவை இருந்தால் அது எருசலேம் சிலுவை. ஐந்து காயங்களை நினைவூட்டுவது. நங்கூரச் சிலுவை நம்பிக்கையைக் குறிக்கும். தலைகீழ்ச் சிலுவையைச் சாத்தானின் குறி என்று பயப்படுகிறார்கள். உண்மையில் அது புனித பேதுருவின் சிலுவை. ஆண்டவரைப் போல் நிமிர்ந்து சாகத் தமக்குத் தகுதியில்லை என்று அவர் தலைகீழாக அறையப்படக் கேட்டதாக மரபு.

நம் மண்ணின் சிலுவையும் ஒன்று உண்டு. சென்னை பரங்கிமலையில் 1547-இல் போர்ச்சுக்கீசியர் கண்டெடுத்த கற்சிலுவை. சுற்றிலும் பழைய பாரசீகத்தின் பஹ்லவி எழுத்து. மேலே இறங்கும் புறா, அடியில் விரிந்த இதழ்கள், நான்கு நுனியிலும் மொட்டு. கொலைமரம் துளிர்விடுகிறது! மரம் அறிந்த ஊர்க்காரர்களுக்கு இதைவிடப் பொருத்தமான டிசைன் எனக்குத் தெரியவில்லை.

உலக விஷயமும் சொல்லிவிடுகிறேன். புது ஊசிதானா என்று பாருங்கள். குத்திய பிறகு 12 மாதம் ரத்த தானம் செய்ய முடியாது. ராணுவத்துக்குப் போக நினைப்பவர்கள், உடலில் எந்த இடத்தில் டாட்டூ இருக்கலாம் என்ற விதியை முதலில் படியுங்கள்.

கடைசியாக, எசேக்கியேல் 9-ஆம் அதிகாரம். எருசலேமில் சிலரின் நெற்றியில் மட்டும் அடையாளம் இடச் சொல்கிறார் ஆண்டவர். அந்த அடையாளம் எபிரேய நெடுங்கணக்கின் கடைசி எழுத்து. பழைய வடிவில் அது சிலுவை போலவே இருக்கும். யாருடைய நெற்றியில்? காணிக்கை போட்டவர்கள் நெற்றியிலா? இல்லை. ஊரில் நடக்கும் அக்கிரமத்தைப் பார்த்துப் பெருமூச்சுவிட்டு அழுதவர்கள் நெற்றியில்!

நம் ஊரில் நடப்பது என்ன? திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் சாதி பார்த்துச் சுவர் எழுப்பினார்கள். சுவருக்கு அந்தப் பக்கமும் சிலுவை, இந்தப் பக்கமும் சிலுவை. பள்ளிப் பிள்ளைகள் கையில் சாதிக்கு ஒரு நிறமாகக் கயிறு ஏறியது. அதைத் தடை செய்ய வேண்டும் என்று நீதிபதி சந்துரு 2024-இல் அரசுக்கு அறிக்கை கொடுக்க வேண்டியதாயிற்று.

பிள்ளைகளே, அந்தக் கயிறும் மணிக்கட்டில்தான் ஏறுகிறது, காப்டிக் சிலுவையும் மணிக்கட்டில்தான் ஏறுகிறது. ஒரு கையில் இரண்டுக்கும் இடமில்லை. கயிற்றை அறுத்துவிட்டு வாருங்கள். எந்த டிசைன் என்று அப்புறம் சேர்ந்தே பார்ப்போம். ஆமென்.