அன்பும் சிறையாகுமோ?

அறிவு வளர்ச்சி குன்றிப் பிறந்த மகனுக்குப் பதினைந்து வயது ஆகின்றது. மீசை அரும்புகின்றது, குரல் மாறுகின்றது, தாயோ இன்னும் சோறு ஊட்டுகின்றாள். அவனைக் குழந்தையாகவே வைத்திருப்பது அன்பா, அநீதியா?

அன்பே என்பர் நம்மவரிற் பெரும்பாலோர். தோட்டத்து லயத்திலும் பட்டணத்து அடுக்குமாடியிலும் வழக்கம் ஒன்றே. கல்யாண வீட்டிற்கு அவனை அழைத்துச் செல்லார். வாலிபர் பந்தாடும் திடலுக்கும் அனுப்பார். கேட்டால், பிறர் எள்ளுவர் என்பர். எள்ளுவோரை உலவவிட்டு எள்ளப்படுவோனை அடைத்து வைப்பது எந்த ஊர் நீதியோ, நாமறியோம். முற்பிறப்பின் பாவம் என்னும் பழங்கதையும் உடன் சேருமாயின் கதவு முற்றிலும் சாத்தப்பட்டுவிடும். டவுன் நோய்க்குறி என்னும் நிலைக்குக் காரணம் உயிரணுவில் ஒரு குரோமோசோம் மிகுந்திருத்தலே என்று பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் 1959இல் வெளியிட்டனர். பாவக் கணக்கு அங்கே எங்கும் அகப்படவில்லை!

இவ்வாறு மறைத்து வளர்த்தவனுக்கு, மணம் முடித்தால் எல்லாம் சரியாகும் என்று, உண்மையை ஒளித்து ஓர் ஏழைப் பெண்ணைக் கட்டி வைப்போரும் உளர். தோழன் ஒருவனைக்கூட அறியாதவனுக்கு மனைவி! அவனையும் கேட்பதில்லை; அவளையும் கேட்பதில்லை.

நிற்க. கேட்டால் இவர்கள் என்ன சொல்வர்? சுவீடன் நாட்டினர் கேட்டுப் பார்த்தனர். 1970இல் மால்மோ நகரில், அறிவு வளர்ச்சி குன்றியோரே பிரதிநிதிகளாய்க் கூடி மாநாடு நடத்தினர். ஓய்வுப் பொழுதைத் தம் வயதொத்தவரோடு கழிக்க வேண்டும் என்றனர். பெருங்கூட்டமாய் நகர வீதியில் நடத்திச் செல்லப்படுவதை விரும்போம் என்றனர். தக்க காலம் வந்ததென்று தாமே உணரும்போது மணந்துகொள்ளும் உரிமையும் வேண்டும் என்றனர். இரக்கத்தை அவர்கள் கோரவில்லை. நம் வீட்டுப் பிள்ளைகள் கேட்கும் அவையேதான், வேறொன்றுமில்லை.

பெண் பிள்ளையாயின் அச்சம் இருமடங்கு. அதனை வீண் அச்சம் என்று நாம் தள்ளமாட்டோம், வஞ்சிப்பார் உளர். ஆனால், வஞ்சகர் பலர் வீட்டிற்கு வந்துபோகும் பழக்கமானவரே. தொட வருபவனை "வேண்டாம்" என்று மறுக்கவும், நடந்ததைத் தாயிடம் சொல்லவும் கற்பியாமல் தாழிடுவது காவலன்று. பலரோடு பழகாதவள் நல்லாரையும் தீயாரையும் எங்ஙனம் பிரித்தறிவாள்? இப்பாடம் கற்பிக்க நாணும் தாய்மார், அந்நாணத்தின் விலையை மகளே கொடுக்க நேரும் என்பதை எண்ணுவாராக.

சிங்கப்பூரின் கட்டாயக் கல்விச் சட்டம் 2019 முதல் இத்தகைய பிள்ளைகளையும் தழுவியுள்ளது, நன்று. பள்ளியில் இடம் தருவது சட்டத்தால் ஆகும். மாலையில் ஒருவன் வாசலில் வந்து நின்று, "வாடா, திடலுக்குப் போவோம்" என்று கூப்பிடுவது எச்சட்டத்தால் ஆகும்? அக்குரல் நம் பிள்ளைகளுடையதாக இருத்தல் வேண்டும். பந்தாடச் செல்லும் உங்கள் மகனை, அடுத்த வீட்டுக் கதவையும் தட்டிவிட்டுப் போகும்படி என்றைக்கேனும் சொல்லியிருக்கிறீர்களா?