ரகசிய உறுதிமொழியும் வெளிப்படைத்தன்மையின் அறமும்

அரசு ரகசியத்தை உள்ளிருந்து அம்பலப்படுத்துவதில் மூன்று செயல்கள் ஒன்றுசேர்ந்திருப்பதாக அறவியலாளர் சிசெலா போக் பகுத்துக் காட்டினார். அம்பலப்படுத்துபவர் தம் நிறுவனத்தோடு முரண்படுகிறார்; அதற்குக் கட்டுப்பட்டவராக இருந்தும் விசுவாசத்தை மீறுகிறார்; பொறுப்பில் உள்ளவர்கள்மீது குற்றம் சாட்டுகிறார். ஜனநாயகத்தில் முரண்படுவது உரிமை. அறச்சிக்கல் எழுவது விசுவாச மீறலில்தான்.

அமெரிக்கத் தேசிய பாதுகாப்பு முகமையின் ஒப்பந்தப் பணியாளராக ஹவாயில் இருந்த எட்வர்ட் ஸ்னோடன், 2013இல் ஹாங்காங் சென்று முகமையின் ஆவணங்களைப் பத்திரிகையாளர்களிடம் ஒப்படைத்தார். ஜூன் 5 அன்று ‘கார்டியன்’ முதல் செய்தியை வெளியிட்டது. வெரைசன் நிறுவனம் தன் வாடிக்கையாளர்களின் அழைப்பு விவரங்களை நாள்தோறும் முகமைக்கு அளிக்க ஒரு ரகசிய நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. குற்றம் செய்தவர், செய்யாதவர் என்ற வேறுபாடு அந்த உத்தரவில் இல்லை. அதே ஆண்டு மார்ச்சில் செனட் குழுவின் முன் இத்தகைய சேகரிப்பு உண்டா என்று கேட்கப்பட்டபோது, தேசிய உளவுத்துறை இயக்குநர் ஜேம்ஸ் கிளாப்பர், அறிந்து அப்படிச் செய்வதில்லை என்று மறுத்திருந்தார்.

ஸ்னோடனைக் குறைகூறுவோர், ரகசியம் காப்பதாக அவர் கொடுத்த வாக்கைச் சுட்டுகின்றனர். அவர் தரப்பு வாதம் வேறு: ரகசியக் காப்பு ஒரு ஒப்பந்தம்; அமெரிக்க அரசுப் பணியின் உறுதிமொழியோ அரசியல் சாசனத்துக்குரியது; இரண்டும் மோதினால் பின்னதே மேலானது. இம்மானுவேல் கான்ட் 1795இல் வகுத்த அளவுகோலும் இங்கே பொருந்தும். பிறர் உரிமையைத் தொடும் ஒரு செயலின் நெறியை வெளியே சொல்ல முடியாதென்றால், அச்செயல் நீதியற்றது என்றார் அவர். குறிப்பிட்ட ஒற்றரின் பெயரை மறைப்பது இந்தச் சோதனையில் தேறிவிடும். ஒற்றர்களின் பெயரை வெளியிடுவதில்லை என்ற விதியைப் பகிரங்கமாகவே அறிவிக்கலாம். குடிமக்கள் அனைவரின் அழைப்பு விவரங்களும் திரட்டப்படும் என்ற விதியையே மறைத்துவைப்பது தேறாது.

தண்டனை பற்றியது அடுத்த கேள்வி. சட்ட மறுப்பாளர் வெளிப்படையாகச் செயல்பட்டு, அதன் சட்ட விளைவை ஏற்பதன் மூலம் சட்டத்தின் மீதான பற்றைக் காட்டுகிறார் என்பது ஜான் ரால்ஸின் கருத்து. வியட்நாம் போர் ஆவணங்களை 1971இல் வெளியிட்ட டேனியல் எல்ஸ்பெர்க் சரணடைந்தார். அரசுத் தரப்பின் முறைகேடுகளால் 1973இல் வழக்கு தள்ளுபடியானது. ஸ்னோடன் தம் பெயரை அறிவித்தாலும் நாடு திரும்பவில்லை. ரஷ்யாவில் தஞ்சமடைந்து 2022இல் அந்நாட்டுக் குடியுரிமை பெற்றார். ஆனால் அவர்மீது பாய்ந்த 1917ஆம் ஆண்டு உளவுச் சட்டம், பொதுநலனைத் தற்காப்பு வாதமாக ஏற்பதில்லை. ஏன் செய்தார் என்பதைக் கேட்காத நீதிமன்றத்தின் முன் நிற்பது ரால்ஸ் கருதிய ஏற்புதானா என்பது விவாதத்துக்குரியது. ஸ்னோடன் வெளியேறியது சரியே என்று எல்ஸ்பெர்க்கே 2013இல் எழுதினார்.

தனிமனித மனசாட்சி அரசியலாகாது, பலர் ஒரு கருத்தில் கூடும்போதே சட்ட மறுப்பு பொதுச்செயலாகிறது என்று ஹன்னா அரெண்ட் 1970இல் வாதிட்டார். ஸ்னோடன் விஷயத்தில் அப்படிக் கூடியவர்களுள் தொழில்நுட்பச் சமூகத்தினர் முக்கியமானவர்கள். லாவாபிட் மின்னஞ்சல் சேவையின் உரிமையாளர் லடார் லெவிசன், அரசுக்குப் பயனர்களைக் காட்டிக்கொடுக்க நேரும் என்பதால் 2013 ஆகஸ்டில் சேவையையே மூடினார். இணையத்தின் நெறிமுறைகளை வகுக்கும் இணையப் பொறியியல் பணிக்குழு, 2014 மே மாதம் ஆர்எஃப்சி 7258 என்ற ஆவணத்தில், எங்கும் பரவிய கண்காணிப்பைத் தாக்குதல் என்றே வரையறுத்தது. கண்காணிப்பவர் அரசா, வணிகரா, திருடரா, நோக்கம் என்ன என்பதை அது பொருட்படுத்தவில்லை. யார் கண்காணித்தாலும் வழி ஒன்றே என்பதால் தடுப்பும் ஒன்றே: பிறர் படிக்க முடியாதபடி தகவலை மாற்றும் குறியாக்கம். இணையதளங்கள் குறியாக்கத்தைப் பயன்படுத்த இலவசப் பாதுகாப்புச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்க்ரிப்ட் 2015இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. வாட்ஸ்அப் 2016இல் முழுமையான குறியாக்கத்துக்கு மாறியது.

இந்த எதிர்வினை ஸ்னோடன் செய்தது சரியா என்ற கேள்விக்கு விடையாகாது. ஒற்றை மனிதரின் மனசாட்சியை நம்பியே குடிமக்களின் அந்தரங்கம் பிழைக்க வேண்டியிருந்த நிலையை அது மாற்றியது. அழைப்பு விவரச் சேகரிப்புக்குச் சட்டத்தின் அனுமதி இல்லை என்று 2015இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நாடாளுமன்றமும் அதை நிறுத்தச் சட்டம் இயற்றியது. ஆனால் நீதிமன்றத் தீர்ப்பு ஒரு நாட்டின் அரசை மட்டுமே கட்டுப்படுத்தும். குறியாக்கம் எந்த நாட்டின் அரசுக்கும் பூட்டு.

இதற்கும் அறவிலை உண்டு. குறியாக்கம் நல்லவரையும் குற்றவாளியையும் ஒருங்கே காக்கிறது. மக்கள் தேர்ந்தெடுக்காத ஒருவர் எல்லோருக்கும் சேர்த்து முடிவெடுத்தார் என்று ஸ்னோடன்மீது சொல்லப்படும் குறை, பொறியாளர்கள்மீதும் சொல்லத்தக்கதே. வேறுபாடு முறையில் இருக்கிறது. இணைய நெறிமுறைகளின் வரைவுகள் பொதுவில் வைக்கப்படுகின்றன. யாரும் படிக்கலாம், மறுக்கலாம், திருத்தம் கோரலாம். கான்ட்டின் அளவுகோலில் ரகசிய உத்தரவு தவறிய இடத்தில் இந்த முறை தேறுகிறது. அதனால் மட்டும் அந்த முடிவுகள் சரியானவை ஆகிவிடா. ஆனால் தவறானால் திருத்தும் வழி திறந்திருக்கிறது.