கை பழகட்டும்

2017 நவம்பர் கடைசியில் வீசிய ஒக்கி புயல், குமரி மாவட்டத்து ஆழ்கடல் மீனவர் பலரைக் கொண்டுபோனது. அப்படியொரு புயலில் சிக்கும்போது, லைஃப் ஜாக்கெட் படகில் இருந்தால் மட்டும் போதாது. வலைக்கு அடியில் கிடப்பதைப் படகு கவிழும்போது யார் தேடுவது? வாரை இறுக்காமல் மாட்டினால், தண்ணீரில் விழுந்ததும் ஜாக்கெட் முகத்துக்கு ஏறிவிடும். நனைந்து விறைத்த விரலுக்குக் கொக்கி பிடிபடாது.

இதையெல்லாம் துறைமுகத்திலேயே, துணைக்கு ஆள் வைத்துக்கொண்டு, குதித்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். கண்ணை மூடிக்கொண்டு ஜாக்கெட்டை மாட்டிப் பழகுங்கள். அபாய அறிவிப்புக் கருவியின் பொத்தான் எங்கே என்பதை, அழுத்தாமல், தடவியே கண்டுபிடியுங்கள். புதிதாக ஏறும் பையனுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

வருமுன் காப்பது என்பது பொருளை வாங்குவதோடு முடிவதில்லை. கரையில் ஒதுக்காத அரை மணி நேரத்தைக் கடலிடம் கடன் கேட்க முடியாது.