"எனக்கு எந்த மருந்தும் கேட்காது"

மாத்திரையை ஒருமுறை மாற்றியாயிற்று, மறுமுறையும் மாற்றியாயிற்று. மனம் மட்டும் தேறவில்லை. இரண்டு மருந்துகளை உரிய அளவில், உரிய காலம் சாப்பிட்டும் தணியாத மனச்சோர்வை, சிகிச்சைக்கு எளிதில் இணங்காதது என்று மருத்துவர்கள் வகைப்படுத்துகிறார்கள். அந்த நிலையில் இருப்பவர் மனத்தில் மெல்ல வேர்விடும் எண்ணம் இது: "எனக்கு எந்த மருந்தும் கேட்காது."

1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக், தம் நோயாளிகளின் பேச்சைக் கூர்ந்து கவனித்தார். நான் உதவாதவன், உலகம் இரக்கமற்றது, இனி எதுவும் மாறாது என்று அவர்களின் எண்ணங்கள் மூன்று பக்கமும் இருண்டிருந்தன. நோய் நீள நீள, இந்த எண்ணங்கள் தங்களுக்குச் சாதகமான சாட்சிகளை மட்டுமே சேர்க்கின்றன. கண்ணயர்ந்த இரவு கணக்கில் வராது. விழித்துக் கிடந்த இரவு மறக்காது. மருந்து பலிக்காவிட்டால்கூட, பழி தன் மீதே விழுகிறது. பிறகு மாத்திரை நிற்கிறது, மருத்துவரிடம் போவதும் நிற்கிறது. நோய் முற்றுகிறது. எண்ணம் தான் சொன்னதைத் தானே மெய்யாக்கிவிடுகிறது.

இப்படித் தவிப்பவரிடம் "நல்லதையே நினை" என்று சொல்லாதீர்கள். அது முடியாமல்தானே வாடுகிறார்? அந்த அறிவுரை, தோற்றதாக அவர் எண்ணிக்கொள்ள இன்னொன்றைச் சேர்க்கும்.

அப்படியானால் எது உதவும்? பிரிட்டனில் மருந்தால் போதிய பலன் காணாத 469 பேரிடம் நடந்த ஆய்வு ஒன்று 2013இல் வெளியானது. வழக்கமான சிகிச்சையோடு, எண்ணங்களை ஆராய்ந்து பார்க்கப் பழக்கும் பேச்சு சிகிச்சையும் பெற்றவர்களில் 46 சதவீதம் பேருக்கு ஆறு மாதத்தில் அறிகுறிகள் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தன. அது கிடைக்காதவர்களில் 22 சதவீதம் பேருக்கே அப்படிக் குறைந்தன. எல்லோருக்கும் பலித்துவிடவில்லை. ஆனால் மருந்து போதிய பலன் தராதபோதும் வழி இருக்கிறது.

இன்று அந்த எண்ணம் வந்தால் அதை அப்படியே ஒரு தாளில் எழுதிவையுங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் காட்டுங்கள். காய்ச்சலைச் சொல்வதுபோல் அதுவும் சொல்லவேண்டிய அறிகுறிதான். வீட்டில் இருப்பவர்களே, நீங்களும் உடன் போங்கள். வாழவே வேண்டாம் என்று தோன்றினால் மருத்துவரைப் பார்க்கும் நாள்வரை காத்திருக்க வேண்டாம். அரசின் டெலி மானஸ் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம்.